யாரும் நிற்காத இடம்

பாட்டில் தொழிற்சாலையின் கால்பந்து அணியில் ஆடுகிறவர்கள் இரண்டு பேர், மற்ற ஒன்பது பேர் சும்மா ஓடுகிறவர்கள் என்று கேட் வாட்ச்மேன் சொல்வார். அந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பெயர் தபால், இன்னொருவனுக்குப் பெயர் சோம்பேறி. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தன.

தபால் நடுக்களத்தில் ஆடுபவர். பந்து காலுக்கு வந்துவிட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிடுவார், அது போக வேண்டிய காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். விலாசம் தப்பியதே கிடையாது. சோம்பேறி அவருடைய மனைவியின் தம்பி. அக்காவின் கல்யாணத்தன்று எட்டாவது படித்துக்கொண்டிருந்தவன், மாமாவின் பின்னாலேயே சுற்றி, மாமா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே சேர்ந்து, மாமாவின் அணியிலேயே முன்வரிசை ஆட்டக்காரனாகவும் ஆகிவிட்டான். மைதானத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். எதிரணி கோல்கீப்பரிடம் மத்தியானம் என்ன சாப்பாடு என்று விசாரிப்பான். ஷூ கயிற்றை அவிழ்த்து நிதானமாகத் திரும்பக் கட்டுவான். அவனைக் காவல் காக்கிற டிஃபென்ஸ்காரன் கொஞ்சம் அசந்ததும் நாலே எட்டு. அந்த நாலாவது எட்டில் பந்து அவன் காலடியில் இருக்கும், அடுத்த நொடி வலைக்குள் இருக்கும்.

பெனால்டி பாக்ஸின் வலது முனையில், கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே, அவன் எப்போதும் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த அந்த மைதானத்தின் இரண்டு முனைகளிலும் அந்த இடத்தில் மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புல் முளைக்காமல் சொட்டையாக இருந்தது. தபாலுக்கு அந்தச் சொட்டையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தன் வீட்டுக் குளியலறையில் இருட்டில் கையை நீட்டி சோப்பை எடுக்கிற மாதிரி, அவர் கால் அதை அறிந்திருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, டைம் ஆபீஸ் குமாஸ்தா அதில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு வரி எழுதுவார். முதல் வரியில் எத்தனைக்கு எத்தனை. இரண்டாவது வரியில் கோல் போட்டவர் பெயர். மூன்றாவது வரி எழுத இடம் இருந்தது. யாரும் எழுதியதில்லை. ஒன்பது வருஷமாகத் தபால் காலையில் கேட்டைத் தாண்டும்போது தெரியாதவர் மாதிரி அந்தப் பலகையைப் பார்ப்பார், 'சோம்பேறி - 2', 'சோம்பேறி - 1' என்று படிப்பார், உள்ளே போவார். வாட்ச்மேன் வேறு, "நேத்து உங்க மச்சினன் பின்னிட்டாராமே" என்று வாழ்த்துவார். "ஆமாமா" என்பார் தபால்.

இதற்கெல்லாமா ஒரு மனுஷனுக்கு வயிறு எரியும் என்று கேட்டால், எரிந்தது. ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒன்பது வருஷம் காலையில் அதே பலகை. அவர் கெட்டவர் இல்லை. மச்சினன் மேல் உயிரையே வைத்திருந்தார். உயிரை வைத்தவன் மேல்தான் எரிச்சலும் அதிகமாக வந்தது.

சோம்பேறி ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வருவான். அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது, பள்ளிக்கூட பாஸ்கெட்பால் அணியில் இருந்தாள். அவளுக்காகவே அவன் தொழிற்சாலையில் ஒரு பழைய டிரம்மின் வாய் வளையத்தை அறுத்து, குடியிருப்பின் பின்சுவரில் ஏணி வைத்து அடித்துக் கொடுத்திருந்தான். கால்பந்துக்காரனுக்குக் கையால் பந்து போட எங்கே தெரியும் என்று நினைத்தால் தப்பு. அவனுக்கு எதுவும் வரும். ஒரு கையால் தூக்கிப் போடுவான், விழும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கப் படியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது, பேச்சு எங்கேயோ தொடங்கி இதில் வந்து நின்றது.

"உன் ஆட்டம் ஜாலி" என்றான் சோம்பேறி மருமகளிடம். "அஞ்சே பேரு. அதுல ஒருத்தி கெட்டிக்காரியா இருந்தா மத்த நாலு பேரையும் முதுகுல தூக்கிட்டுப் போயிடலாம். பந்து எப்ப வேணும்னாலும் உன் கைக்கு வரும். எனக்கெல்லாம் ஒரு ஆட்டம் முழுக்கத் தேடினாலும் இருபது தடவைதான் பந்து காலுக்கு வருது. மீதி நேரம் நிக்கிறதத் தவிர என்ன பண்ண?"

"நீ நிக்கிறதுக்கு நியாயம் வேற பேசுவியா" என்றார் தபால். "கால்பந்துல பதினோரு பேர்ல ஒருத்தன் நின்னா அங்க ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாத்தான் கோல் வரும். உன் ஓட்டையை அடைக்கிறதுக்கே ரெண்டு பேரு மூச்சு வாங்க ஓடுறானுங்க, தெரியுமா?"

"அவனுங்க ஓடட்டும் மாமா. நான் கோல் போடறேன்ல."

"நான் குடுத்தாத்தான் நீ போடுவ."

"சரி, நீங்க குடுங்க, நான் போடறேன். இதுல என்ன சண்டை?"

மகள் பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ ரிங் பக்கத்துல போனா நான் என்ன பண்றது?"

"போடு" என்றான் மாமா.

"காலியா நிக்கிறவ யாருன்னு பாத்துக் குடு" என்றார் அப்பா.

"நானே காலியா நின்னா?"

சோம்பேறி விழுந்து விழுந்து சிரித்தான். தபாலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வருஷம் அரையிறுதியில் தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். எல்லோரும் பின்னால் ஓடி வந்துவிட்டார்கள். சோம்பேறி மட்டும் நடுக்கோட்டில் நின்று ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் பிடிக்க வேண்டிய ஆள் தனியாக நின்று தலையால் முட்டிப் பந்தை உள்ளே தள்ளிவிட்டான். மறுநாள் கேண்டீனில் தபால் எல்லோர் எதிரிலும் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். சோம்பேறி டீயை ஊதிக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்ததும், வழக்கம்போலச் சிரிப்புக்காகத்தான், ஒரு வார்த்தை சொன்னான்.

"தபால் யாரு வேணா போடலாம் மாமா. வாங்கிக்கிறதுக்கு வீட்டுல ஆள் இருக்கணும்ல."

கேண்டீனே அதிர்ந்தது. பரிமாறுகிறவர்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தபாலும் சிரித்தார். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மத்தியானம் முழுக்க வெள்ளை விளக்கின் முன்னால் வரிசையாக நகர்ந்து போன, அவர் சோதித்துப் பிரிக்க வேண்டிய பாட்டில்களில் அவர் கண்ணுக்கு ஒரு விரிசலும் தட்டுப்படவில்லை. அடுத்த மேசையில் இருந்த பெண்தான் நாலைந்தை எடுத்துப் போட்டாள்.

இங்கே அந்தத் தொழிற்சாலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு பக்கம். ஒன்று சூட்டுப் பக்கம், உலையும் அச்சுகளும் இருக்கிற இடம். சிவந்த கண்ணாடிக் குழம்பு சொட்டுச் சொட்டாக விழுந்து பாட்டிலாகிற இடத்தில், ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்துக்குள் கையை நீட்டி, நீளக் கரியெண்ணெய்த் தூரிகையால் அச்சுக்குள் தடவிவிட்டு, அடுத்த சொட்டு விழுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று குளிர்ப் பக்கம். ஆறிப்போன பாட்டில்களை விளக்கில் பார்த்துப் பிரிக்கிற வேலை. தபால் அங்கே மேற்பார்வையாளர். அணியில் பெயர் இருக்கிற பதினாறு பேருக்கும் குளிர்ப் பக்கத்தில் பகல் வேலை என்பது நிர்வாகம் கொடுத்திருந்த சலுகை. பெயர் போனால் திங்கட்கிழமையே சூட்டுப் பக்கம்.

அந்த வருஷம் பழைய பயிற்சியாளர் ஓய்வு பெற்றார். நலத்துறை அதிகாரி தபாலைக் கூப்பிட்டு, "இனிமே பயிற்சியும் நீங்க, லிஸ்டும் நீங்க. உங்களுக்குத்தான் ஆட்டம் தெரியும்" என்றார். ஒன்பது வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவர் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துப் படியில் உட்கார்ந்து பதினாறு பெயர் எழுதினார். ஒரு பெயரை எழுதினார், அடித்தார், எழுதினார். கடைசியில் அடித்தார்.

அணிக்கு நல்லது என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். பதினோரு பேரும் ஓடுகிற அணி ஒன்றைக் காட்டிவிட வேண்டும். அவன் இல்லாமல் ஜெயித்துவிட்டால், ஒன்பது வருஷம் யாரால் ஜெயித்தோம் என்பது யாருக்கும் சொல்லாமலே விளங்கிவிடும். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் அவர் உண்மையில் நினைத்தார். முதலாவது வெறும் மேல்பூச்சு.

லிஸ்டைப் பார்த்துவிட்டு சோம்பேறி அவர் மேசைக்கு வந்தான். தபால் தொண்டையைக் கனைத்து, தயார் பண்ணி வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தார். பொறுப்பு, கட்டுப்பாடு, மத்தவங்களுக்கு ஒரு பாடம் என்று நாலைந்து வாக்கியம்.

"சரி மாமா" என்றான். போய்விட்டான்.

மூன்றாம் நாள் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "கோல் போட்டதுக்கா அவன உலைக்கு அனுப்புனீங்க?"

"போட்டதுக்கு இல்ல. ஓடாததுக்கு. டீம்னா எல்லாரும்..."

"எனக்கு டீம் பாடம் நடத்தாதீங்க. அவன் என் தம்பி" என்றாள். மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அணி அழகாக ஆடியது, அதைச் சொல்லியாக வேண்டும். தபால் அவர்களை வாட்டி எடுத்தார். ஒருத்தன் பந்தை இரண்டு தடவைக்கு மேல் தொடக்கூடாது. தொட்டதும் குடு. குடுத்ததும் ஓடு. "குடு, குடு, குடு" என்று அவர் கத்துகிற சத்தம் சாயங்காலங்களில் உலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. பந்து பதினோரு கால்களிலும் பட்டு மைதானத்தைச் சுற்றி வந்தது. சுற்றிச் சுற்றி வந்ததே தவிர வலைக்குள் போகவில்லை. சைபருக்குச் சைபர், சைபருக்கு ஒன்று, மறுபடியும் சைபருக்குச் சைபர். கரும்பலகையின் இரண்டாவது வரி வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தது. "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் நலத்துறை அதிகாரி. "ஆனா முடிக்கிறதுக்கு ஆள் இல்லையே." அவர் குரலில் பழைய தேன் இல்லை.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. சோம்பேறி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டான். அந்த நேரத்தில் தபால் மகளுடன் பின்பக்கம் நின்றார். வளையத்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு நாற்காலியை ஓரத்தில் போட்டு, அதுதான் உன் தோழி என்றார். அவள் வளையத்தை நோக்கி ஓடி வந்து, கடைசி நொடியில் பந்தை நாற்காலிக்கு அனுப்புவாள். "பலே" என்பார் அப்பா. அவள் புத்திசாலிப் பெண். ஒரு மாதத்தில் அது அவள் கைக்குப் பழகிவிட்டது.

நாலாவது மாதம் ஒரு மத்தியானம் சோம்பேறி வந்தான். நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். வேலையை விட்டுவிட்டதாகவும், வேறு ஊரில் ஒரு கிடங்கில் மூட்டை சரிபார்க்கிற வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னான். அக்கா அவன் கையைப் பிடித்தபோது அவன் முகம் சுருங்கியது. அவள் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் பளபளவென்று இறுகி, கோடு கோடாக இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. ஒரு தடவ கைய இழுக்க லேட்டாயிடுச்சு. சோம்பேறின்னு சும்மாவா பேரு வச்சாங்க" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. தபால் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். மன்னிச்சிடு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது. போகும்போது சோம்பேறி மருமகள் தலையில் கையை வைத்து, "ரிங்கப் பாரு, என்ன?" என்றான். மாமாவிடம், "வரேன் மாமா" என்றான். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னான். அதுதான் தபாலுக்குத் தாங்கவில்லை.

வருஷத்தின் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஒரு டிரா போதும், அணி லீக்கில் நிற்கும். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்கும், இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. மனைவியும் மகளும் சிமெண்ட் படியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் சைபருக்குச் சைபர் என்று எண்பது நிமிடம் ஓடியது. பதினோரு பேரும் ஓடினார்கள். ஒரு ஓட்டையும் இல்லை. தபால் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. முப்பத்தெட்டு வயதுக் கால்கள் இருபது வயது மாதிரி ஓடின. இன்னும் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும் என்று அவர் எல்லோருக்கும் கைகாட்டினார்.

அப்போது நடுக்களத்தில் ஒரு பந்து துள்ளி அவரிடம் வந்தது. எதிரே இரண்டு பேர் மூடிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் அவருடைய ஆட்கள் மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். அவர் நிமிரவில்லை. அவர் கால், ஒன்பது வருஷம் செய்ததையே செய்தது. பந்து இரண்டு பேருக்கு நடுவில் கிழித்துக்கொண்டு, சற்றே வளைந்து, பெனால்டி பாக்ஸின் வலது முனைக்கு, கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே போய் மெதுவாக நின்றது.

அங்கே யாரும் இல்லை.

மைதானமே ஒரு கணம் அந்தப் பந்தைப் பார்த்தது. பிறகு எதிரணி டிஃபென்ஸ்காரன் நடந்து வந்து அதை எடுத்தான். அவசரமே படவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. தபாலின் ஆட்கள் அவர் பந்துக்காக முன்னால் வந்துவிட்டிருந்தார்கள். மூன்று உதையில் பந்து மறுமுனைக்குப் போனது. தபால் அணியின் கோல்கீப்பர் தனியாக நின்றார், பந்து அவரைத் தாண்டி வலைக்குள் போனது. அவ்வளவுதான்.

விசில் ஊதிய பிறகு தபால் அந்த வலது முனைக்கு நடந்து போய் நின்றார். சொட்டையாக இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மற்ற இடத்தை விட இளசாக, பச்சையாக. அது எப்போது முளைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அணியைக் கலைத்தார்கள். பதினாறு பேரில் பதினைந்து பேர் அடுத்த திங்கட்கிழமை சூட்டுப் பக்கம் போனார்கள். தபால் மேற்பார்வையாளர் என்பதால் குளிர்ப் பக்கத்திலேயே இருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேண்டீனில் அவர் உட்கார வந்தால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்தார்கள். வெந்த விரலில் துணி சுற்றிக்கொண்டு சாப்பிடுகிற கோல்கீப்பரைப் பார்க்கும்போது அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். கரும்பலகையில் இப்போது விபத்து இல்லாத நாட்கள் எத்தனை என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கை பெரிதாக வளரவும் இல்லை.

மச்சினனுக்கு இரண்டு தடவை போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை அவன் எடுப்பதற்கு முன்னால் இவரே வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மகள் ஒருத்திதான். விளையாட்டு விடுதிக்குப் பாஸ்கெட்பால் ஆட்கள் எடுப்பதாகத் தெரிந்து, அவள் பெயரைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தது. விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பதினாலு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்பதால் அவளுக்கு இது ஒரே வாய்ப்பு. அவள் மூன்று வாரமாக வேறு பேச்சே பேசவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே ஒரு கையில் பந்து.

பஸ்ஸில் போகும்போது தபால் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த ஒரு தடவை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், மச்சினன் சொல்வதைச் சொல்ல வேண்டும். போடு. இரண்டே எழுத்து. அதை மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மகளிடமும் சொல்லிவிடலாம் என்று திரும்பினார். அவள் ஜன்னலில் சாய்ந்து, மடியில் இருந்த பந்தை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

உள்ளரங்கில் பத்துப் பெண்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள். அவள் முதுகில் ஏழு என்று ஒரு துணியைக் குத்தியிருந்தார்கள். மேசையில் மூன்று பேர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அம்மாக்கள் மேலே பால்கனியில். அவள் நன்றாக ஆடினாள். எதிராளி கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தாள், ஆட்களைச் சுழற்றிவிட்டுப் போனாள். ஆனால் வளையத்துக்குக் கிட்டே போனதும் ஒவ்வொரு தடவையும் யாருக்காவது கொடுத்தாள். மற்ற பெண்கள் போட்டார்கள், சிலது விழுந்தது. கொடுக்கும் முன்னால் அவள் தலை ஒரு நொடி மேலே திரும்பியது. பால்கனிப் பக்கம், அவர் பக்கம். தபால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்க மூடியிருந்தார்.

கடைசி அரை நிமிடம். அவள் நடுக்கோட்டில் பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடி வந்தாள். எதிரே யாரும் இல்லை. வளையம் நேராகத் தலைக்கு மேலே. பின்சுவரில் ஆயிரம் தடவை போட்ட இடம். அவள் பந்தைத் தூக்கினாள். தூக்கியவள் நின்றாள். கண்ணை அகல விரித்து மேலே அப்பாவைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற முகம். நானே காலியா நின்னா?

தபால் வாயைத் திறந்தார்.

"குடு" என்று கத்தினார்.

அவர் காதிலேயே அது விழுந்தது. ஒரு வருஷமாக, ஒவ்வொரு சாயங்காலமும் கத்திப் பழகிய வாய், அவரைக் கேட்காமல் கத்திவிட்டது. கையை நீட்டி அந்தச் சத்தத்தைத் திருப்பிப் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டிருப்பார். கீழே மகள் சட்டென்று திரும்பி, பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த ஒரு குட்டைப் பெண்ணுக்குப் பந்தை அனுப்பினாள். அந்தப் பெண் அதை எதிர்பார்க்கவே இல்லை. யார்தான் எதிர்பார்ப்பார்கள்? பந்து அவள் தோளில் பட்டு வெளியே உருண்டது. விசில்.

லிஸ்டில் ஏழு இல்லை. தபால் மேசைக்குப் போய் நின்றார். தேர்வாளர்களில் வயதான அம்மா நல்ல மாதிரியாகவே பேசினார். "கை நல்ல கைங்க. பாஸும் நல்லா இருக்கு. ஆனா ரிங் கிட்ட வந்ததும் தானா ஒரு முடிவு எடுக்க மாட்டேங்குது. மேல யாரையோ பாத்துக்கிட்டே இருக்குதே, யாரு அது?"

"தெரியலங்க" என்றார் தபால்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. கடைசிக்கு முந்தின இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் அழவில்லை. பந்தைப் பைக்குள் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, காலடியில் வைத்துவிட்டாள். இனிமேல் அதை எடுக்கப்போவதில்லை என்கிற மாதிரி வைத்தாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசிவிட்டாலாவது தேவலை என்று அவர் காத்திருந்தார்.

"அப்பா."

"ம்."

"நம்ம கிரவுண்டுல கடைசி மேட்ச்சுல, அந்த வலது பக்கம் ஒண்ணு போட்டீங்களே."

இத்தனை மாதத்தில் வீட்டில் யாரும் அந்தப் பந்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. "ஆமா" என்றார்.

"மாமா இருந்திருந்தா அங்க வந்திருப்பாரு, இல்லப்பா?"

"வந்திருப்பான்."

"நான் மேல இருந்து பாத்தேன். கரெக்டா அவரு கால்ல விழுந்திருக்கும். ரெண்டு பேருக்கு நடுவுல, பாக்காமலே போட்டீங்க. வேற யாராலயும் அப்படிப் போட முடியாது." அவள் அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. ஆட்டம் தெரிந்த ஒருத்தி, ஆட்டம் தெரிந்த இன்னொருவரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். "எல்லாரும் அது தப்பான பாஸ்னு நினைக்கிறாங்க. அது நல்ல பாஸ்பா."

ஒன்பது வருஷம் காலை தவறாமல் அந்தக் கரும்பலகையின் மூன்றாவது வரியில் அவர் தேடியது இந்த வார்த்தையைத்தான். இப்போது கிடைத்துவிட்டது. மகள் வாயாலேயே கிடைத்துவிட்டது. அவர் முன்சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார்.

அவள் அவர் தோளில் கையை வைத்து, "பரவால்லப்பா. நான் கடைசியில போட்டிருந்தாலும் விழுந்திருக்காது" என்றாள்.

விழுந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.